எடைமேடைக்காரர் மாடி ஏறியது

எடைமேடைக்காரருக்கு வீட்டிலிருந்து வேலைக்குப் பதினோரு அடி. கட்டிலை விட்டு இறங்கி, முகம் கழுவி, நடுக்கதவைத் திறந்தால் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. அதில் ஒரு நாற்காலி, சிவப்பு எண்கள் எரியும் பெட்டி, சீட்டு அடிக்கும் இயந்திரம். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் ஏறி நிற்கும் இரும்பு மேடை.

மனைவி இருந்தவரை மூன்று தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் கடைத்தெரு வரை போய் வருவார்கள், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும். அவள் போன பிறகு, ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு அறை என்று முதலாளியிடம் கேட்டு, மேடையை ஒட்டிய அறைக்கு மாறிக்கொண்டார். வசதிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். துக்கத்தில் மனிதன் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் பெரும்பாலும் வசதி என்ற பெயரில்தான் வருகின்றன. ஆறு வருடத்தில் டீ ஜன்னலுக்கு வந்தது, சாப்பாடு டிபன் கேரியரில் வந்தது, துணி வெளுத்து வந்தது. அவர் எங்கேயும் போகவில்லை.

வேலை என்னவோ சுலபம்தான். ஒவ்வொரு லாரியையும் இரண்டு முறை நிறுக்க வேண்டும்: காலியாக ஒரு முறை, சரக்கோடு ஒரு முறை. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவது சரக்கின் எடை. சரக்கை மட்டும் தனியாக நிறுக்க ஒரு மேடையாலும் முடியாது. இருந்ததற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசமாகத்தான் அது தெரியவரும். லாரி ஏறியதும் அவர் வண்டி எண்ணையும் எடையையும் வாய்விட்டுப் படிப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் படிக்க, பக்கத்தில் ஒருவர் எழுதுவார். இப்போது இயந்திரமே எல்லாவற்றையும் அச்சடிக்கிறது. ஆனாலும் படிக்கிறார். படிக்காவிட்டால் சில நாட்களில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அவரையும் சில சமயம் மேடை நிறுத்திருக்கிறது. சிமெண்ட் லாரிக்காரர் ஒருவர், வாரம் நாலு நடை வருபவர், இவரை மேடையில் ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்ப்பார்.

"தொண்ணூறு கிலோண்ணே. போன வருஷமும் தொண்ணூறு, அதுக்கு முந்தின வருஷமும் தொண்ணூறு. சீட்டு போட்டுரவா?"

"காலி எடையா, சரக்கோடயா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். எண்பத்தாறு கிலோ ஆளும் தொண்ணூற்று நாலு கிலோ ஆளும் அதற்கு ஒன்றுதான். இரண்டு பேருக்கும் தொண்ணூறு என்றே காட்டும். அது தெரிந்தும், தனக்கு ஒன்றும் மாறவில்லை என்று அவர் அந்த எண்ணை நம்பிக்கொண்டிருந்தார்.

அவருக்கு உறவென்று மிஞ்சியது அக்கா மட்டும். ஊரின் அந்தக் கோடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில், நாலாவது மாடியில் இருந்தாள். மாமா காலமாகிப் பல வருடம். ஒரே மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காதான் பஸ் பிடித்து வருவாள். ஜன்னல் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற லாரிக்கெல்லாம் எடை ஊகிப்பாள். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். தப்பாகப் போனால் மேடையைக் குறை சொல்வாள்.

போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மாடியில் விட்டார்கள். அதற்குப் பிறகு அவளால் இறங்க முடியவில்லை. அவரால் ஏற முடியவில்லை. முதல் மாடிக்குள் மூச்சு முட்டும். இந்த வாரம் லோடு அதிகம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போனில் சொல்லிச் சொல்லியே பதினாலு மாதம் ஓடிவிட்டது. வீடியோவில் பேசலாம் என்றால் அக்காவுக்குப் பிடிக்காது. "உன் மூக்கு மட்டும்தான் தெரியுது. மூக்கைப் பாக்கவாடா நான் பொறந்தேன்" என்பாள்.

அப்படியிருக்க ஒரு நாள் அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, எல்லாப் பேப்பரும் வந்துருச்சு. அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடறேன். இன்னும் பதிமூணு வாரம். டிக்கெட் போட்டாச்சு."

"நல்லதுப்பா. நீ பாத்துக்கறதுதான் சரி."

"நீங்க ஒரு தடவை வந்து பாத்துருங்க மாமா. அங்கிருந்து அடிக்கடி வர முடியாது. அம்மா வயசுக்கு…" அவன் முடிக்கவில்லை. இவரும் முடித்துக்கொடுக்கவில்லை.

போனை வைத்துவிட்டு அவர் மாடிப்படிகளை மனதில் எண்ணினார். மாடிக்குப் பத்தொன்பது, நாலு மாடிக்கு எழுபத்தாறு. ஏற்றத்தில் திணறும் லாரியை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அதற்கு வைத்தியம் ஒன்றுதான்: சரக்கைக் குறை. முப்பது வருடம் பாரத்தோடு பழகிய புத்தி வேறு வழி யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. சனிக்கிழமை முழுவதும் இரண்டு டீ. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். தண்ணீருக்கும் எடை உண்டு அல்லவா.

முதல் மாடி வரை நிற்காமல் ஏறினார். நின்றால் மறுபடி கிளம்ப முடியாது என்று பயம். இரண்டாவது மாடியின் கடைசி நாலு படியில் கம்பியைப் பிடித்த கை நனைந்திருந்தது. சுவர் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எப்படியோ ஏறி, கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். காதுக்குள் ஒரு லாரி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். ஒரு கதவுக்கு வெளியே யாரோ கழற்றிவிட்ட செருப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் இருமினார், தொண்டை காய்ந்திருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க?"

"மேடைலதான்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஒரு லோடு வந்துருச்சு."

"என்ன, குரல் எதிரொலிக்குது?"

"கண்டெய்னர் லாரி நிக்குது. அதான்."

"சரி, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள். அவளுக்கும் அவருக்கும் நடுவே முப்பத்தெட்டுப் படி. அவர் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் காலை வைத்து, இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை இதை அவர் சிமெண்ட் லாரிக்காரரிடம் சொன்னார். சொல்ல வேறு யாரும் இல்லை.

"ஏண்ணே, ஆறு வருஷம் ஷெட்ல கெடந்த வண்டிய, டீசலையும் உறிஞ்சி எடுத்துட்டு, நேரா மலைப்பாதைக்கு ஓட்டிட்டுப் போவீங்களா?"

"பாரம் ஜாஸ்தின்னு நெனச்சேன்."

"பாரம் கெடக்கட்டும். இன்ஜின் ஓடுதான்னு பாத்தீங்களா? முதல்ல டாக்டரப் பாருங்க. எனக்கு வேற எடைமேடைக்காரர் பழகாது."

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அதிகம் சிரிக்காதவர். ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், மார்பில் கம்பிகளை ஒட்டி இதயத்துக்குப் படம் எடுத்தார். அங்கிருந்த சின்ன மெஷின் அவரைத் தொண்ணூற்று மூன்று என்றது. அந்த மூன்றைப் பார்த்ததும் அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ அது.

"படியேறும்போது நெஞ்சுல வலி, அழுத்தம் ஏதாவது?"

"இல்ல. தலை சுத்துச்சு. மூச்சு வாங்குச்சு."

"சாப்பிடாம, தண்ணி குடிக்காம ஏறினா சுத்தாம என்ன செய்யும்?" காகிதச் சுருளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "இதயம் பரவாயில்ல. அழுத்தம்தான் கொஞ்சம் கூட, அதுக்கு மாத்திரை தர்றேன். நீங்க ஏறலாம். ஆனா இப்ப இல்ல. எத்தனை நாள் இருக்கு?"

"பன்னெண்டு வாரம்."

"போதும். அவசரப்பட்டா போதாது. முதல் வாரம் காலைல அஞ்சு நிமிஷம், சாயங்காலம் அஞ்சு நிமிஷம். சமதரையில. ஆரம்பிக்கும்போது மெதுவா, முடிக்கும்போது மெதுவா. டக்குனு நின்னுடக் கூடாது. வாரத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம் கூட்டிக்குங்க, அதுக்கு மேல வேண்டாம். செருப்பு வேண்டாம், கால்ல நிக்கிற மாதிரி ஒரு ஷூ வாங்குங்க. நெஞ்சு வலிச்சா, கையோ தாடையோ வலிச்சா, கண்ணு இருட்டினா உடனே நின்னுடணும். நின்னும் சரியாகலைன்னா ஆஸ்பத்திரிக்குத்தான், வீட்டுக்கு இல்ல."

"வேகம் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

"பேசிட்டே நடக்க முடியணும். பேச்சு துண்டு துண்டா வந்தா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்."

"யார்கூடப் பேசறது?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். "யாரும் இல்லன்னா உங்ககூடவே பேசுங்க" என்றார்.

மேடையிலிருந்து வெளிக்கேட் வரை, அங்கிருந்து சுற்றுச்சுவரை ஒட்டித் திரும்பி வந்தால் ஐந்து நிமிடம். முதல் நாள் அது முடிந்தபோது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது; கூடவே, இவ்வளவுக்கே பின்னங்கால் சதை இழுத்தது. தன்னோடு பேச அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. ஆறு வருடம் ஒரே அறையில் சேர்ந்து குடியிருந்தும், அந்த ஆளோடு பேச்சுவார்த்தை இருந்ததில்லை போலும். கடைசியில் வரிசையில் காத்திருந்த லாரிகளின் எண்களைப் படித்தார். நாலு எழுத்து, ஆறு இலக்கம், ஊகித்த எடை. ஒரே மூச்சில் வந்தால் சரி. நடுவில் உடைந்தால் நடையைக் குறைத்தார். டிரைவர்கள் முதலில் தங்களைக் கூப்பிடுகிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். மாடியைப் பற்றிச் சொல்லவில்லை. வருகிறேன் என்று சொல்லிப் போகாமல் இருந்தது போதும்.

"எத்தனை மணிக்கு நடக்கற?"

"ஆறரை."

மறுநாள் ஆறரைக்குப் போன் அடித்தது. "நடக்கறியா?"

"ம்."

"பேசிட்டே நடக்கணுமாமே. உதவிக்கு வர்ற பொண்ணு சொல்லிச்சு, அவங்க அப்பாவுக்கும் அப்படித்தானாம். பேசு."

"என்ன பேசறது?"

"லாரி என்ன நிக்குதுன்னு சொல்லு."

அவர் சொல்ல, அக்கா படுக்கையில் இருந்தபடி எடை ஊகித்தாள். ஜல்லி என்றால் ஒரு கணக்கு, செங்கல் என்றால் ஒரு கணக்கு. இடையில் அவர் குரல் அறுந்தால், "மெதுவாடா, உன்னை யார் துரத்தறா" என்பாள். ஐந்து நிமிடம் எட்டாயிற்று, பத்தாயிற்று. கேட்டைத் தாண்டி ரோட்டோரம் போக ஆரம்பித்தார். இந்த நாட்களைச் சந்தோஷமான நாட்கள் என்று சொல்ல முடியாது. போனை வைத்ததும் ரோடு முன்பைவிட நீளமாக இருந்தது. பேச்சுத் துணை கிடைத்தவனுக்குத்தான் மௌனத்தின் அளவு தெரிகிறது. அதற்கு முன் அது வெறும் காலை நேரம்தான்.

ஐந்தாவது வாரம் உடம்பு லேசாக இருந்தது. லேசாக இருந்ததால் தப்பு செய்தார். பன்னிரண்டு நிமிடம் என்றிருந்ததை ஒரே நாளில் முப்பதாக்கினார், நாட்கள் கழிந்துகொண்டிருக்கின்றனவே என்று. மறுநாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. பதினோரு அடியும் நொண்டிக்கொண்டுதான் போனார்.

"ஓவர்லோடு" என்றார் சிமெண்ட் லாரிக்காரர், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு. "ஊரு லாரிக்கெல்லாம் நீங்கதான் எழுதிக் கொடுக்கறீங்க. உங்களுக்கு யாருண்ணே எழுதறது?"

ஆறு நாள் நடை இல்லை. ஐஸ் வைத்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஆறு நாளும் ஆறரைக்கு அக்கா கூப்பிட்டாள். நடக்கவில்லை என்று சொல்ல மனமில்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்களைப் படித்தார். மூச்சு சீராக இருந்தது. "இன்னைக்கு நல்லா நடக்கற" என்றாள் அக்கா. வீக்கம் வடிந்த பிறகு எட்டு நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். இப்போது வாரத்தில் ஒரு நாள் காலுக்கு விடுமுறை கொடுத்தார்.

ஒன்பதாவது வாரம் டாக்டர் படிக்கு அனுமதி தந்தார். பெரிய ரோட்டின் மேல் ஆட்கள் கடக்க ஒரு இரும்புப் பாலம் இருந்தது, இருபத்தாறு படி. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் வாரம் பாதி வரை ஏறி இறங்கினார். அடுத்த வாரம் முழுவதும் ஒரு முறை. பிறகு நடுவில் உட்கார்ந்து மூச்சு ஆறி, இரண்டு முறை. "முட்டி சொல்றதக் கேளுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டார். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் லாரிகளின் கூரைதான் தெரிந்தது, எண் தெரியவில்லை. அக்காவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல், அங்கே நிற்கும்போது மட்டும் போனை எடுக்காமல் இருந்தார். அவள் கேட்கவும் இல்லை.

பன்னிரண்டாவது வாரத்து ஞாயிறு. காலையில் ரொட்டி சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், ஒரு மணி நேரம் பொறுத்தார், தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினார். கட்டடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் நடந்து உடம்பைச் சூடாக்கினார். வாட்ச்மேன், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். இவர், நாலாவது மாடி என்றார்.

பத்தொன்பது. நின்றார். ஒரு வாய் தண்ணீர். பத்தொன்பது. அந்தப் படியில் வேண்டுமென்றே உட்கார்ந்தார். செருப்புகள் இப்போது ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. இதயம் அடித்துக்கொண்டது, ஆனால் சுவர் நின்ற இடத்திலேயே நின்றது. போனை எடுக்கவில்லை. வாய்விட்டு, தாழ்ந்த குரலில், முதலில் நினைவுக்கு வந்த லாரி எண்ணைச் சொல்லிப் பார்த்தார். உடையாமல் வந்தது. எழுந்தார். மூன்றாவது மாடியில் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. கடைசிப் பத்தொன்பதுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது.

உதவிக்கு வரும் பெண் கதவைத் திறந்தாள். அக்கா ஜன்னலோரக் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகியிருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குரல் அப்படியே இருந்ததால் உருவமும் அப்படியே இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உக்காரு. உடனே பேசாத" என்றாள்.

உட்கார்ந்தார். மூச்சு ஆறும்வரை அவள் அவரையே பார்த்தாள்.

"அன்னைக்கு ரெண்டாவது மாடிலயே உக்காந்துட்டியே. இந்தத் தடவை எங்க உக்காந்த?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உன் இருமல் எனக்குத் தெரியாதா? என் வீட்டுக் கதவு தெறந்துதான் கெடந்துச்சு. மேல கேட்டுச்சு. அதான் போன் போட்டேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நீ ஏறியிருப்ப. ஏறி விழுந்திருந்தா? என்னாலயும் எறங்க முடியாது. போனக் கையில வச்சுக்கிட்டு, நீ எறங்கற சத்தத்தக் கேட்டுட்டுப் படுத்திருந்தேன்."

பதினாலு மாதமாக, பிறகு பன்னிரண்டு வாரமாக, போனில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருந்தார்கள். நேரில் பேச அதிகம் மீதி இல்லை. டீ குடித்தார்கள். அக்கா அவர் ஷூவைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். "கலர் கேவலமா இருக்கு" என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் தூங்கினாள். அந்தக் கையில் எடை என்று ஒன்றும் இல்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினார். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அந்த வாரத்தில் இன்னும் ஒரு முறை ஏறினார். அவள் வெளிநாடு கிளம்பிய நாள், நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். இவர் பின்னால் பையோடு இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்து, "மெதுவா" என்றாள்.

சில நாள் கழித்து சிமெண்ட் லாரிக்காரர் அவரை மேடையில் ஏற்றினார். டாக்டரிடம் மெஷின் எண்பத்தெட்டு என்று காட்டியிருந்தது. மேடை தொண்ணூறு என்றது.

"அட, மாறவே இல்லையேண்ணே."

"இது அப்படித்தான் காட்டும்."

அக்கா இப்போது அவருக்கு மத்தியானம் ஆகும்போது கூப்பிடுகிறாள். அங்கே அப்போதுதான் விடிகிறது. பேரப்பிள்ளைகளின் சத்தத்தில் பாதி கேட்பதில்லை. "நடந்தியா?" என்பாள். நடந்தேன் என்பார். அவர் நடக்கும் ஆறரைக்கு அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஆனாலும் ஆறரைக்குப் பதினோரு அடியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வெளியே வந்துவிடுகிறார். போன் சட்டைப் பையில் இருக்கிறது. அடிக்காது என்று தெரியும். முதல் லாரியின் எண்ணை வாய்விட்டுப் படிக்கிறார், அக்கா சொல்லியிருக்கக்கூடிய எடையையும் சேர்த்து. ஒரே மூச்சில் வருகிறது. சரியா தப்பா என்று சொல்ல யாரும் இல்லை. அடுத்த லாரி வரும்வரை நிற்காமல், அதே வேகத்தில், பாலத்தை நோக்கி நடக்கிறார்.